காலை டிபன் ஐரோப்பாவில், ராத்திரி சாப்பாடு ஆசியாவில்: இஸ்தான்புல்லில் ஒரு நாள்

இந்த வாரம் டெக் பேச்சு கிடையாது. டேட்டாபேஸ், டிப்ளாய்மெண்ட், அப்ரைசல் எல்லாத்துக்கும் லீவு. ஊர் சுத்தின கதை மட்டும்தான்.

இன்ஜினியரிங் காலேஜ்ல ஒரே கேங்கா திரிஞ்ச நாலு பேர் நாங்க. படிப்பு முடிஞ்சு ஆறு வருஷத்துல நாலு பேரும் ஒரே இடத்துல இருந்தது ஒரு தடவைகூட இல்ல. கல்யாண வீட்டுல ரெண்டு பேர், ஏர்போர்ட்ல மூணு பேர், இப்படித்தான். கடைசியா போன அக்டோபர்ல, ஒரு சனிக்கிழமை, முழுசா ஒரு நாள் இஸ்தான்புல்ல சேர்ந்து சுத்தினோம். நாலு பேர்ல ஒருத்தன் தன் பேரைச் சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கான். அதனால எல்லாருக்கும் இருக்கிற ஊரே பேரு. என் ஹாஸ்டல் ரூம்மேட் கோவை. லேப்ல என்கூட ஜோடி போட்டவ லண்டன். நாலாவது ஆள் பெர்லின். நான் சோழிங்கநல்லூர், அது பேரா வைக்க ரொம்ப நீளம், அதனால நான் நானாவே இருக்கேன்.

ஏன் இஸ்தான்புல்னு கேட்டீங்கன்னா, காரணம் ரொமான்டிக்கா ஒண்ணும் இல்ல. பாஸ்போர்ட்தான் காரணம். இந்திய பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு ரெண்டு கண்டத்துல இருக்கிற நாலு பேர் எங்க சந்திக்கலாம்னு கணக்குப் போட்டுப் பாருங்க, பெரிய ஆப்டிமைசேஷன் ப்ராப்ளம் அது. துருக்கிக்கு நமக்கு இ-விசா உண்டு, ஆனா அதுல ஒரு கொக்கி. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் நாடுகள், இதுல ஏதாவது ஒண்ணோட செல்லுபடியாகுற விசாவோ ரெசிடென்ஸ் பெர்மிட்டோ கையில இருக்கணும். எங்க மூணு பேருக்கு ஏதோ ஒரு வகையில அது ஒத்து வந்துடுச்சு. கோவை கையில ஒண்ணும் கிடையாது. அவன் பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரி ரிட்டர்ன், லீவ் லெட்டர்னு ஒரு கட்டு பேப்பர் கொடுத்து ஸ்டிக்கர் விசாவுக்குக் காத்துக்கிட்டு இருந்தான். கிளம்புறதுக்கு அஞ்சு நாள் முன்னாடிதான் பாஸ்போர்ட் திரும்பி வந்துச்சு. "மச்சான், பொண்ணு பார்க்கப் போன இடத்துலகூட என்கிட்ட இவ்வளவு கேக்கல"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பினான்.

சரி, நாளுக்கு வருவோம். காலையில எட்டு மணிக்கு சுல்தான்அஹ்மெத் பக்கம் ஒரு சின்னக் கடையில டிபன். மெனெமென்னு ஒரு ஐட்டம். தக்காளித் தொக்குல முட்டையை உடைச்சு ஊத்தின மாதிரி, சின்ன வாணலியோட அப்படியே டேபிளுக்கு வரும். கூட சிமித். எள்ளு தூவின வளையம், வெளியே மொறுமொறுன்னு உள்ளே மெத்துன்னு இருக்கும். முக்கியமான விஷயம் டீ. ரெண்டு அடுக்குக் கெட்டில் வச்சிருக்காங்க. மேல் கெட்டில்ல கெட்டி டிகாஷன், கீழ வெந்நீர். கிளாஸ்ல கொஞ்சம் டிகாஷன் ஊத்தி, வேணுங்கிற அளவுக்கு வெந்நீர் கலந்துக்கறாங்க. நம்ம வீட்டு ஃபில்டர் காபி லாஜிக்தான், பால் மட்டும் இல்ல. கோவை முதல் கிளாஸ்ல முகத்தைச் சுளிச்சான். சாயந்தரத்துக்குள்ள ஒன்பது கிளாஸ் குடிச்சிருந்தான், நான் எண்ணினேன்.

அந்தக் கடையிலதான் லண்டன் ஒண்ணு கவனிச்சா. பக்கத்து டேபிள்ல இருந்தவர் சர்வரை "அபி"ன்னு கூப்பிட்டார். கல்லாவுல இருந்த அம்மாவை இன்னொருத்தர் "அப்லா"ங்கறார். கேட்டா, அபின்னா அண்ணன், அப்லான்னா அக்காவாம். தெரியாத ஆளை அண்ணா, அக்கான்னு கூப்பிடுறது நம்ம ஊர் ஸ்பெஷல்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். அதைவிட ஆச்சரியம், துருக்கியில அம்மாவுக்கு "அன்னெ"ன்னு பேரு. அன்னை! ரெண்டு மொழியும் சொந்தம்னு நான் சொல்ல வரல, வாட்ஸ்அப் ஃபார்வர்டு கூட்டம் தயவுசெஞ்சு ஆரம்பிச்சுடாதீங்க. ஆனா வார்த்தைக்குப் பின்னாடி வால் வாலா ஒட்டிக்கிட்டே போற விஷயம் ரெண்டுலயும் உண்டு. "எவ்"னா வீடு. "எவ்லெரிமிஸ்தென்"னா எங்க வீடுகள்ல இருந்து. ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் நாள் பூரா நாங்க பார்த்தவங்களை எல்லாம் அபி, அப்லான்னுதான் கூப்பிட்டோம். பாதி இடத்துல டீ இலவசமா வந்துச்சு.

அடுத்து ஹகியா சோபியா. இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா இது இன்ஜினியர்களுக்கான கதை. 532ல கான்ஸ்டான்டிநோபிள்ல பெரிய கலவரம். பழைய தேவாலயம் எரிஞ்சு போச்சு. ஜஸ்டினியன் பேரரசர் உடனே புதுசா கட்டச் சொல்றார். பொறுப்பு ரெண்டு பேருக்கு: அந்திமியஸ், இசிடோர். ரெண்டு பேருமே கணக்கு, ஜியாமெட்ரி ஆளுங்க. 537ல திறந்தாச்சு. வெறும் அஞ்சு வருஷம்! உள்ளே தலைக்கு மேல ஏறக்குறைய 31 மீட்டர் அகலத்துக்கு ஒரு குவிமாடம், அடியில சுத்தி 40 ஜன்னல். வெளிச்சம் அந்த ஜன்னல் வழியா வர்றப்போ குவிமாடம் எதுமேலயும் உட்காராம மிதக்குற மாதிரி இருக்கும்.

ஆனா டெட்லைன்ல முடிச்ச ப்ராஜெக்ட் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? நிலநடுக்கங்கள்ல விரிசல் விட்டு, 558ல குவிமாடத்துல பெரிய பகுதி இடிஞ்சு விழுந்துச்சு. முதல் டிசைன் ரொம்பத் தட்டையா இருந்ததால சுவரை வெளிப்பக்கம் தள்ளியிருக்கு. இதைச் சரி பண்ண வந்தது பழைய இசிடோரோட சொந்தக்காரன், அவன் பேரும் இசிடோர்தான். குவிமாடத்தை ஆறு மீட்டருக்கு மேல உயர்த்தி, 562ல மறுபடி திறந்தாங்க. அதுக்கப்புறமும் அங்கங்க உடைஞ்சு, ஒட்டுப்போட்டு, 16ஆம் நூற்றாண்டுல மிமார் சினான்னு ஓட்டோமான் காலத்துப் பெரிய கட்டிடக்கலைஞர் வந்து வெளியே முட்டுச்சுவர் எல்லாம் கொடுத்திருக்கார். தேவாலயம், 1453ல மசூதி, 1930கள்ல மியூசியம், 2020ல மறுபடி மசூதி. ஓனர் மாறிக்கிட்டே இருக்காங்க, ப்ரொடக்ஷன் மட்டும் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.

இப்போ வெளிநாட்டு டூரிஸ்டுகளை மேல் மாடத்துக்கு மட்டும்தான் விடறாங்க. டிக்கெட் 25 யூரோ. நம்ம காசுல கிட்டத்தட்ட 2,500 ரூபாய். கியூல நிக்கும்போது பெர்லின், "நீங்க போயிட்டு வாங்கடா, நான் வெளியே பூனைங்களோட இருக்கேன்"னான். இந்தப் பிளானையே போட்டவன் அவன்தான். ஆறு மாசமா கூகுள் மேப்ல பின் குத்தி வச்சவன். கோவை ஒண்ணும் கேக்கல, கவுண்டர்ல நாலு விரலைக் காட்டினான். நாலு டிக்கெட் வந்துச்சு. மேல தெற்கு மாடத்துல பளிங்குக் கைப்பிடிச் சுவர்ல ஒரு கிறுக்கல் இருக்கு. அந்தக் காலத்துல காவலுக்கு வந்த வைக்கிங் வீரன் யாரோ ரூன் எழுத்துல கீறினது. முழுசா படிக்க முடியல, ஹால்ஃப்டான்ங்கிற பேர் மட்டும் புரியுதாம். மகாபலிபுரத்துல பாறையில பேர் எழுதுற நம்ம பசங்களுக்கு ஆயிரம் வருஷத்து சீனியர்.

பூனைன்னு சொன்னேன்ல. இந்த ஊர்ல பூனைக்குத்தான் முதல் மரியாதை. கடை வாசல்ல சேர் போட்டிருந்தா அதுல பூனை தூங்கும், மனுஷன் நின்னுக்கிட்டு டீ குடிப்பான். ஹகியா சோபியாவுக்குள்ளேயே க்ளின்னு ஒரு பூனை வருஷக்கணக்கா குடியிருந்துச்சு. 2009ல ஒபாமா வந்தப்போ அதைத் தடவிக் கொடுத்த போட்டோ இருக்கு. 2020ல இறந்துடுச்சு.

பக்கத்துலயே யெரெபத்தான், நிலத்தடி நீர்த்தொட்டி. ரோட்டுல இருந்து பார்த்தா சின்ன வாசல்தான் தெரியும். படியில இறங்கினா 336 தூண், ஒவ்வொண்ணும் ஒன்பது மீட்டர் உயரம், அடியில தண்ணி, மங்கலான லைட். அரண்மனைக்குத் தண்ணி கொடுக்கறதுக்காக ஆறாம் நூற்றாண்டுல கட்டினது. காலப்போக்குல ஊரே இதை மறந்துடுச்சு. 1540கள்ல ஒரு பிரெஞ்சு அறிஞர் வந்தப்போ, வீட்டுத் தரையில ஓட்டை போட்டு வாளி இறக்கித் தண்ணி எடுக்கறதையும், சிலர் மீனே பிடிக்கறதையும் பார்த்துட்டுத் தேடிப் போயிருக்கார். தனக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியாமலேயே மேல இருக்கவங்க அதை யூஸ் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க. லெகசி கோட்ல வேலை பார்க்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்ல. ஒரு மூலையில ரெண்டு தூணுக்கு அடியில மெதூசா தலை. ஒண்ணு தலைகீழா, ஒண்ணு பக்கவாட்டுல. பழைய ரோமானியக் கட்டிடத்துல இருந்து எடுத்து வந்து முட்டுக்கு வச்சது. தலைகீழா வச்சதுக்கு நூறு கதை சொல்றாங்க. உயரம் சரியா வர்றதுக்கு வச்சிருப்பாங்கங்கிறதுதான் என் கட்சி.

மதியம் நடந்தே எமினோனுக்கு இறங்கினோம். மசாலா பஜார்ல மிளகுக் குவியலைப் பார்த்ததும் கோவை பையைத் தொட்டுப் பார்த்துட்டு, "இது நம்ம மேற்கு மலைச் சரக்குடா, இதுக்கு நாம காசு கொடுத்து வாங்கணுமா?"ன்னான். நியாயம்தான். மலபார் மிளகு அரபிக்கடல் தாண்டி எகிப்து வழியா இங்க வந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. இந்த பஜாருக்கு துருக்கியில இன்னிக்கும் எகிப்து பஜார்னுதான் பேரு.

சாப்பாடு: எங்க மூணு பேருக்கு மீன் ரொட்டி. சுட்ட மீனை ரொட்டிக்குள்ள வெங்காயத்தோட வச்சு, எலுமிச்சை பிழிஞ்சு தர்றாங்க. லண்டன் சைவம். இஸ்தான்புல்ல சைவம் கஷ்டம்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க, அவ்வளவு மோசம் இல்ல. மெர்ஜிமெக்னு பருப்பு சூப் எங்கயும் கிடைக்கும். சில இடத்துல கறி ஸ்டாக்ல பண்ணுவாங்க, அதைக் கேட்டுக்கணும். "எத் யோக்"னா கறி இல்ல. இந்த ரெண்டு வார்த்தை போதும்.

கலாட்டா பாலத்துல வரிசையா தூண்டில். மேல மீன் பிடிக்கறாங்க, கீழ் அடுக்குல ஹோட்டல். பாலத்தைத் தாண்டி கராக்கோய். அங்க இருந்து மேட்டுக்கு ஏற துனெல்னு ஒரு குட்டி சுரங்க ரயில். 573 மீட்டர்தான், ஒன்றரை நிமிஷத்துல முடிஞ்சுடும். ஆனா 1875ல திறந்தது. லண்டன் அண்டர்கிரவுண்டுக்கு அடுத்து உலகத்துலயே பழைய சுரங்க ரயில் இதுதான். இதைக் கேட்டதும் எங்க லண்டன், "நாங்கதான் ஃபர்ஸ்ட்"னு காலரைத் தூக்கிவிட்டா. பொறந்தது திண்டுக்கல்.

மேல ஒரு தெருவுல ஷூ பாலிஷ் போடறவர் ஒருத்தர் எங்களைத் தாண்டி நடந்து போனார். பிரஷ் ஒண்ணு கீழ விழுந்துச்சு. இது அங்க ரொம்பப் பிரபலமான டெக்னிக். நாம எடுத்துக் கொடுப்போம், அவர் நன்றி சொல்லி ஃப்ரீயா பாலிஷ் போடறேன்னு உட்கார வைப்பார், அப்புறம் காசு கேப்பார். கோவை ஓடிப் போய் எடுத்துக் கொடுத்தான். அவர் நெஞ்சுல கை வச்சு நன்றி சொல்லிட்டு, குனிஞ்சு இவன் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு. உக்கடம் மார்க்கெட்ல வாங்கினது. ஒரு நிமிஷம் அவர் முகத்துல ஓடினதை நான் பதிவு பண்ணியிருந்தா இந்த எபிசோடே தேவைப்பட்டிருக்காது. அப்புறம் அவரே சிரிச்சுட்டார். "ஹிந்திஸ்தான்?"னு கேட்டு, ஷாருக் கான் பேரைச் சொல்லிட்டு, பிரஷ்ஷை மறுபடி பெட்டி நுனியில பேலன்ஸ் பண்ணி வச்சுக்கிட்டுப் போனார். அடுத்த ஆளுக்கு ரெடி. இதுல ஒரு கூடுதல் தகவல்: வான்கோழிக்கு இங்கிலீஷ்ல துருக்கி பேரு, துருக்கிக்காரங்க அதை "ஹிந்தி"ங்கறாங்க. எனக்கு ஹிந்தி தெரியாதுன்னு இனிமே வேற அர்த்தத்துலயும் சொல்லிக்கலாம்.

கலாட்டா டவரை வெளியே நின்னு பார்த்ததோட சரி. 1348ல ஜெனோவாக்காரங்க கட்டினது. கியூவும் பெருசு, டிக்கெட்டும் பெருசு. அந்த ஊர்ல மிகச் சிறந்த காட்சிக்கு டவர் டிக்கெட் தேவையே இல்லங்கிறது என் அபிப்பிராயம். பஸ் கார்டைத் தட்டி ஏறுற ஃபெர்ரி போதும்.

சாயந்தரம் கராக்கோய்ல இருந்து காடிக்கோய்க்குப் படகு. ஐரோப்பாவுல ஏறி ஆசியாவுல இறங்குறோம், இருபது நிமிஷம் சொச்சம். டூரிஸ்ட் படகு இல்ல. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க, காய்கறிப் பை, தூங்குற காலேஜ் பசங்க. வெளிப் பக்க மர பெஞ்சுல உட்கார்ந்தோம். சிமித்தைப் பிச்சுப் போட்டா கடற்புறாக்கள் படகுகூடவே பறந்து வருது. பின்னாடி பழைய நகரம். மினாரெட்டுக்கு நடுவுல சூரியன் இறங்குது. எதிர்ல கரையோரம் பெரிய கோட்டை மாதிரி ஹைதர்பாஷா ரயில் நிலையம். அது ஜெர்மன்காரங்க டிசைன் பண்ணினதுன்னு நான் சொன்னேன்.

பெர்லின் அதைப் பார்த்துக்கிட்டே, "எனக்கு வேலை போயிடுச்சு"ன்னான்.

நாலு வாரம் ஆச்சாம். டீம்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. அவன் ப்ளூ கார்டுல இருக்கான், வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகுது. மூணு மாசத்துக்குள்ள வேற வேலை கிடைக்கலன்னா அந்த பெர்மிட் சிக்கல்ல மாட்டும். ஊர்ல அப்பா அம்மாவுக்கு இன்னும் சொல்லல. வீட்டு லோன் இவன் பேர்ல ஓடுது. "டிக்கெட் எல்லாம் முன்னாடியே போட்டது, கேன்சல் பண்ணினா பாதிக் காசு போயிடும். அதைவிட, நான் வரலன்னா நீங்களும் கேன்சல் பண்ணுவீங்க"ன்னான். பிளான் ஷீட்ல இலவச இடங்களா ஏன் நிறைய இருந்துச்சுன்னு எங்களுக்கு அப்போ புரிஞ்சுது.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. டீ விக்கிறவர் தட்டோட வந்தார். கோவை நாலு கிளாஸ் வாங்கினான். அவன் ஆறுதல் எல்லாம் சொல்ற டைப் இல்ல. "ரெஸ்யூமே அனுப்பு"ன்னான். "இப்பவா?" "இப்பத்தான். கரை வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

காடிக்கோய் மார்க்கெட் தெருக்கள்ல எவ்வளவோ பார்க்க இருந்துச்சு. மீன் கடை, ஊறுகாய் கடை, பழைய புத்தகக் கடை. எல்லாத்தையும் வேகமா தாண்டிட்டோம். கையில சீகுஃப்தெ வாங்கிக்கிட்டோம். ஒரு காலத்துல பச்சைக் கறியில பண்ணினது, இப்போ கடைகள்ல விக்கிறது கோதுமை ரவையில, காரசாரமா, லண்டனும் சாப்பிடுற மாதிரி. அதோட மோதாங்கிற ஏரியாவுல கடலைப் பார்த்த ஒரு டீத் தோட்டத்துல போய் உட்கார்ந்தோம். அங்க நடந்தது சைட்சீயிங் கணக்குல வருமான்னு தெரியல. லண்டன் கம்பெனியில இன்டர்வியூ எடுக்கிற பேனல்ல இருக்கா. போனை டேபிள்ல கவுத்து வச்சுட்டு, குரலை மாத்திக்கிட்டு, "ஓகே, இஸ்தான்புல்கார்டு சிஸ்டத்தை டிசைன் பண்ணுங்க"ன்னா.

அருமையான கேள்வி அது, இதைக் கேக்கறவங்களும் ட்ரை பண்ணிப் பாருங்க. ஒரே கார்டு. ட்ராம், மெட்ரோ, துனெல், படகு, பஸ் எல்லாத்துக்கும். ஒரே கார்டை ஒருத்தருக்கு மேல தட்டலாம். அடுத்தடுத்து மாறி ஏறினா கட்டணம் குறையும். படகுத்துறையில நெட்வொர்க் போயிடுச்சுன்னா? பேலன்ஸ் கார்டுல இருக்கா, சர்வர்ல இருக்கா? தொலைஞ்ச கார்டை எப்படி முடக்குவ? பெர்லின் முதல் அஞ்சு நிமிஷம் திணறினான். நாலு வாரமா யார்கிட்டயும் வேலையைப் பத்திப் பேசாத ஆள். அப்புறம் டிஷ்யூ பேப்பர்ல கட்டம் போட ஆரம்பிச்சான். லண்டன் விடவே இல்ல. "அது ஏன்? இது ஃபெயில் ஆனா? கோடிப் பேர் ஊர் இது, பீக் அவர் என்ன?"ன்னு குடைஞ்சா. நடுவுல நான் ஒரு ஹின்ட் கொடுக்கப் போய், "கேண்டிடேட்டுக்கு உதவக்கூடாது, வெளியே போங்க"ன்னு என்னை அடுத்த டேபிளுக்குத் துரத்திட்டா. அங்க ஒரு பூனை இருந்துச்சு, அதுவும் எனக்கு இடம் விடல. எட்டு டிஷ்யூ, கணக்கில்லாத டீ. கடைசியில லண்டன் சொன்னது: "ஸ்கேலிங் நல்லா சொன்ன. பணம் திரும்பக் கொடுக்கிற பகுதியை யோசிக்கவே இல்ல. இதுக்கு நான் ஹையர் போடுவேன், ஆனா யோசிச்சுட்டுப் போடுவேன்."

திரும்பி வர்றப்போ மர்மராய். போஸ்பரஸ் கடலுக்கு அடியில போற ரயில். 2013ல திறந்தது. குழாய்ப் பகுதிகளைக் கரையில செஞ்சு, மிதக்க விட்டு இழுத்து வந்து, கடலடியில முக்கி ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்காங்க. ஆழமான இடம் கடல்மட்டத்துக்கு 60 மீட்டர் கீழ. முன்னாடியே முடிஞ்சிருக்க வேண்டிய ப்ராஜெக்ட், ஆனா யெனிகாபி ஸ்டேஷனுக்குத் தோண்டினப்போ பைசண்டைன் காலத்துத் துறைமுகம் ஒண்ணு அப்படியே கிடைச்சுது. 37 பழைய கப்பல்கள். தொல்லியல்காரங்க வேலை முடியற வரைக்கும் ரயில் காத்துக்கிட்டு இருந்துச்சு. உஸ்குதார்ல கதவு மூடினா நாலு நிமிஷத்துல சிர்கெஜி. ஆசியா போய் ஐரோப்பா வந்தாச்சு. ஜன்னல்ல இருட்டைத் தவிர ஒண்ணும் தெரியாது. அந்த நாலு நிமிஷத்துல கோவை தூங்கிட்டான்.

சிர்கெஜில எஸ்கலேட்டர் ஏறி ஏறி, ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் வந்து நின்ன அந்தப் பழைய ஸ்டேஷன் பக்கம் வெளியே வரணும். கேட்டைத் தாண்டினதும் பெர்லினைக் காணோம். திரும்பிப் பார்த்தா ஒரு மஞ்ச மெஷின் முன்னாடி நிக்கறான். மர்மராய்ல உள்ளே போகும்போது முழு தூரத்துக்கான காசையும் எடுத்துக்கறாங்க, சீக்கிரம் இறங்கினா வெளியே இருக்கிற மெஷின்ல கார்டைக் காட்டி மீதியை வாங்கிக்கலாம். அவன் கார்டை வச்சு எடுத்து, திரையைப் படிச்சுட்டு, "ஏய் லண்டன்! ரீஃபண்ட்! இங்க இருக்கு ரீஃபண்ட்!"னு ஸ்டேஷன் அதிரக் கத்தினான். ரெண்டு போலீஸ்காரங்க திரும்பிப் பார்த்தாங்க. கிடைச்ச காசுக்கு அரை கிளாஸ் டீகூட வராது.

இந்தக் கதையைச் சொல்லலாம்னு அவனே சொன்னதாலதான் சொல்றேன். அவங்க அப்பாகிட்ட இப்போ பேசிட்டான். நான் இதை ரெக்கார்ட் பண்ற அன்னிக்கு ஒரு கம்பெனியில ரெண்டாவது ரவுண்டு முடிஞ்சு, மூணாவதுக்குக் காத்துக்கிட்டு இருக்கான். பெர்மிட்டுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. பெர்லின் பக்கம் பேக்எண்ட் ஆள் தேடுற யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா எனக்கு ஒரு மெயில் தட்டுங்க. பணக்கணக்கு எல்லாம் அவனுக்கு நல்லா வரும், ரீஃபண்ட் உட்பட.

அடுத்த வாரம் வழக்கம்போல டெக் எபிசோட். பார்க்கலாம் மக்களே.